எட்கர் எஃப். காட்

எட்கர் பிராங்க் காட் (ஆகஸ்ட் 19, 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஆவார். தரவுத்தளங்களுக்கான உறவுநிலை மாதிரியை உருவாக்கியவர் இவரே. தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, அவற்றிலுள்ள மதிப்புகளை ஒப்பிட்டு, வேண்டியபோது ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையுடன் வினவலின் மூலம் இணைக்கலாம் என்பது இம்மாதிரியின் மையக் கருத்தாகும். இதற்காக இவருக்கு 1981ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு, தேர்வு முடிவு என இன்று கணினியில் பேணப்படும் பதிவேடுகளில் மிகப் பெரும்பாலானவை இவருடைய மாதிரியைப் பின்பற்றியே அமைந்துள்ளன.

இளமைக் காலம்

காட் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், டார்செட் கவுண்டியைச் சேர்ந்த போர்ட்லண்ட் தீவிலுள்ள பார்ச்சூன்சுவெல் என்ற ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் இவரே கடைசி. தந்தை தோல் பொருள் உற்பத்தியாளர். தாய் பள்ளி ஆசிரியை. பூல் இலக்கணப் பள்ளியில் பயின்ற பின்னர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்சீட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் கற்றார்.

இரண்டாம் உலகப் போர் இவருடைய படிப்பை இடையில் நிறுத்தியது. பிரித்தானிய அரச வான்படையில் சேர்ந்து, கடலோரக் காவல் பிரிவில் சண்டர்லண்ட் வகைப் பறக்கும் படகுகளின் வானோடியாகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிப் பட்டம் பெற்றார். 1948இல் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஐபிஎம் நிறுவனத்தில் தொடக்கப் பணி

1949இல் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தில் நிரலாக்கக் கணிதவியலராகச் சேர்ந்தார். அங்கே எஸ்.எஸ்.இ.சி. எனப்பட்ட கணிப்பொறிக்கு நிரல்கள் எழுதினார். வெற்றிடக் குழாய்களும் மின்காந்த உணர்த்திகளும் கலந்து அமைந்த மிகப்பெரிய பொறி அது. அடுத்து, ஐபிஎம்மின் முதல் வணிக மின்னணுக் கணினியான 701இன் உருவாக்கத்திலும் பங்கு கொண்டார்.

அக்காலத்தில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி நடத்திவந்த பொதுவுடைமை எதிர்ப்பு வேட்டை அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது. அதனைப் பொறுக்காத காட், 1953இல் வேலையையும் நாட்டையும் விட்டு வெளியேறினார். கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்று, அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்துக்கான கணினி மையம் ஒன்றை நடத்தினார். பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததன் விளைவாக 1957இல் மீண்டும் ஐபிஎம்முக்குத் திரும்பினார். ஒரு கொள்கைக்காக நிலையான வேலையைத் துறக்கவும் தயங்காத இவருடைய இயல்பு, பின்னாளில் அதே நிறுவனத்துக்குள் இவர் நடத்திய நீண்ட வாதங்களிலும் வெளிப்பட்டது.

இரண்டாம் முறை சேர்ந்தபோது, ஸ்ட்ரெட்ச் எனப்பட்ட ஐபிஎம் 7030 கணினித் திட்டத்தில் பணியாற்றினார். ஒரே கணினியில் பல நிரல்கள் ஒரே காலத்தில் இயங்கும்படி செய்யும் பன்னிரலாக்க முறையை உருவாக்கிய குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார்.

முனைவர் பட்டம்

1960களின் தொடக்கத்தில், ஐபிஎம் அளித்த உதவித்தொகையுடன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முப்பத்தெட்டு வயதைத் தொடும் காலத்தில் மாணவராகத் திரும்பிய இவர், 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் கட்டத் தானியங்கிகள் பற்றியது இவருடைய ஆய்வேடு. ஜான் வான் நியூமன் அமைத்திருந்த தானியங்கியில் ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளைக் கொண்டிருந்தது. எட்டு நிலைகளே போதும் என்று காட் நிறுவினார். இவ்வாய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. சிக்கலான ஒன்றைக் குறைந்த அடிப்படைக் கூறுகளைக் கொண்டு அமைத்துக் காட்டும் இந்த அணுகுமுறையே இவருடைய தரவுத்தள ஆய்விலும் தொடர்ந்தது. பின்னர் இவர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார்.

அன்றைய தரவுத்தளங்களின் நிலை

1960களின் பிற்பகுதியில் இரண்டு வகையான தரவுத்தளங்கள் வழக்கில் இருந்தன. முதலாவது படிநிலை மாதிரி. ஐபிஎம்மின் ஐ.எம்.எஸ். இதற்கு எடுத்துக்காட்டு. அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்கான உதிரிப்பாகப் பட்டியல்களைப் பேணும் தேவையிலிருந்து பிறந்தது இது. இதில் ஒவ்வொரு பதிவும் மரத்தின் கிளை போல ஒரு தாய்ப் பதிவின்கீழ் அமையும். இரண்டாவது வலைப்பின்னல் மாதிரி. சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐ.டி.எஸ். இதன் முன்னோடியாகும். இதில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குச் சுட்டிகள் வழியாகச் செல்ல வேண்டும்.

இரண்டிலும் பொதுவான குறை ஒன்று இருந்தது. தரவுகளுக்கிடையேயான தொடர்பு முன்கூட்டியே பாதையாகப் பதிக்கப்பட்டிருந்தது. அப்பாதையை அறிந்த நிரலரே தரவை எடுக்க முடியும். வடிவமைத்தவர் எதிர்பாராத ஒரு கேள்வி எழுந்தால், அதற்கெனப் புதிய நிரல் எழுத வேண்டும். தரவின் சேமிப்பு முறையை மாற்றினாலோ பழைய நிரல்கள் செயலிழந்துவிடும். நிரல்கள் மூன்று வகையில் சேமிப்பு முறையைச் சார்ந்திருப்பதாகக் காட் கண்டறிந்தார். பதிவுகள் அடுக்கப்பட்டுள்ள ஒழுங்கைச் சார்ந்திருத்தல், சுட்டுப் பட்டியல்களைச் சார்ந்திருத்தல், அணுகும் பாதையைச் சார்ந்திருத்தல் என்பன அவை.

உறவுநிலை மாதிரி

1969இல் ஐபிஎம்மின் உள் ஆய்வறிக்கையாகத் தம் கருத்தைக் காட் முதலில் எழுதினார். 1970 ஜூன் மாதத்தில், கணிப்பொறியியல் சங்கத்தின் இதழில் அதன் விரிவான வடிவம் வெளிவந்தது. பெரிய, பலர் பகிர்ந்துகொள்ளும் தரவு வங்கிகளுக்கான உறவுநிலை மாதிரி என்பது அதன் பொருள். பதினோரு பக்கங்களே கொண்ட இக்கட்டுரை தரவுத்தளத் துறையின் அடித்தளமாக இன்றும் கருதப்படுகிறது.

உறவு என்னும் சொல் இங்கே கணிதத்தின் கணக் கோட்பாட்டிலிருந்து வந்தது. இரண்டு அட்டவணைகளுக்கு இடையேயுள்ள தொடர்பை இச்சொல் குறிப்பதாகப் பலர் எண்ணுவதுண்டு, அது சரியன்று. அட்டவணை ஒவ்வொன்றுமே ஓர் உறவுதான். அதாவது, ஒரே அமைப்புடைய கிடைவரிசைகளின் கணம். கணம் என்பதால் அதில் ஒழுங்கு இல்லை. ஒரே கிடைவரிசை இருமுறை வருவதும் இல்லை.

இம்மாதிரியில் சுட்டிகள் கிடையாது. ஓர் அட்டவணைக்கும் இன்னோர் அட்டவணைக்கும் தொடர்பு உண்டு என்பதைக் காட்ட, இரண்டிலும் ஒரே மதிப்பு இருந்தால் போதும். ஓர் அட்டவணையின் கிடைவரிசையை ஐயமின்றி அடையாளம் காட்டும் நெடுவரிசை முதன்மைத் திறவுகோல் எனப்படும். அதே மதிப்பு மற்றோர் அட்டவணையில் குறிப்பாக இடம்பெறும்போது அயல் திறவுகோல் எனப்படும்.

அட்டவணைகளின்மீது செய்யத்தக்க செயல்களையும் காட் வரையறுத்தார். வேண்டிய கிடைவரிசைகளை மட்டும் தெரிவு செய்தல், வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுத்தல், இரண்டு அட்டவணைகளை இணைத்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஒவ்வொரு செயலின் விளைவும் மீண்டும் ஓர் அட்டவணையே என்பதால், ஒரு வினவலின் விடைமீது மற்றொரு வினவலைத் தொடுக்கலாம்.

இணைப்பு வினவல்: ஓர் எடுத்துக்காட்டு

காட் தம் கட்டுரையில் உதிரிப்பாகங்களையும் திட்டப்பணிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அதே முறையைப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தைக் கொண்டும் விளக்கலாம். காவிரிப் படுகையின் கடலோரத்தில், மூன்று பக்கம் தமிழ்நாட்டாலும் கிழக்கே வங்காள விரிகுடாவாலும் சூழப்பட்ட சிறு பகுதி இது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே ஆறு கொம்யூன்கள் ஏற்படுத்தப்பட்டன. இன்று அவை ஒரு நகராட்சியாகவும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் உள்ளன. முதல் அட்டவணை இவ்வாறு அமையும்:

| எண் | உள்ளாட்சி |
|---|---|
| 1 | காரைக்கால் |
| 2 | கோட்டுச்சேரி |
| 3 | நெடுங்காடு |
| 4 | திருநள்ளாறு |
| 5 | நிரவி |
| 6 | திருமலைராயன்பட்டினம் |

மாவட்டத்தின் சில முக்கிய இடங்கள் இரண்டாம் அட்டவணையில் உள்ளன:

| இடம் | உள்ளாட்சி எண் |
|---|---|
| காரைக்கால் அம்மையார் கோயில் | 1 |
| தேசிய தொழில்நுட்பக் கழகம், திருவேட்டக்குடி | 2 |
| தர்ப்பாரண்யேசுவரர் கோயில் | 4 |
| பத்ரகாளியம்மன் கோயில், அம்பகரத்தூர் | 4 |
| காரைக்கால் துறைமுகம், வாஞ்சூர் | 6 |

அம்பகரத்தூர் கோயில் எந்த உள்ளாட்சியில் உள்ளது என்னும் கேள்விக்கு இரண்டாம் அட்டவணை 4 என்ற எண்ணை மட்டுமே தருகிறது. முதல் அட்டவணையில் பெயர் உண்டு, கோயில் இல்லை. விடை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

கோட்பாட்டளவில் இணைப்பு இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதலில், முதல் அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் இரண்டாவதன் ஒவ்வொரு கிடைவரிசையுடனும் சேர்க்கப்படுகிறது. ஆறும் ஐந்தும் பெருக்க முப்பது சோடிகள் கிடைக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பொருளற்றவை. நெடுங்காட்டையும் துறைமுகத்தையும் சேர்த்த சோடி அத்தகையது. அடுத்து, இருபக்கமும் எண் ஒன்றாக உள்ள சோடிகள் மட்டும் நிறுத்திக்கொள்ளப்படுகின்றன. எஞ்சுபவை ஐந்து:

| இடம் | உள்ளாட்சி |
|---|---|
| காரைக்கால் அம்மையார் கோயில் | காரைக்கால் |
| தேசிய தொழில்நுட்பக் கழகம், திருவேட்டக்குடி | கோட்டுச்சேரி |
| தர்ப்பாரண்யேசுவரர் கோயில் | திருநள்ளாறு |
| பத்ரகாளியம்மன் கோயில், அம்பகரத்தூர் | திருநள்ளாறு |
| காரைக்கால் துறைமுகம், வாஞ்சூர் | திருமலைராயன்பட்டினம் |

எஸ்.கியூ.எல். மொழியில் இதை எழுதும்போது, காட்ட வேண்டிய நெடுவரிசைகள் செலக்ட் என்னும் சொல்லுக்குப் பின்னும், முதல் அட்டவணை ஃபிரம் என்பதற்குப் பின்னும், இணைக்க வேண்டிய அட்டவணை ஜாயின் என்பதற்குப் பின்னும், ஒத்திருக்க வேண்டிய நெடுவரிசைகள் ஆன் என்பதற்குப் பின்னும் குறிக்கப்படுகின்றன. எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது, எந்தச் சுட்டியைப் பின்பற்றுவது என்பன போன்ற கட்டளைகள் எவையும் வினவலில் இல்லை. என்ன வேண்டும் என்பதைக் கேட்பவர் சொல்கிறார்; எப்படி எடுப்பது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. இந்தப் பிரிவினையே காட் வலியுறுத்திய தரவுச் சார்பின்மையாகும்.

ஒப்பிடும் மதிப்பு இருபுறமும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது இணைப்பின் அடிப்படை நிபந்தனை. மேற்கண்ட அட்டவணைகளை எண்ணால் அன்றிப் பெயரால் இணைக்க முயன்றால் சிக்கல் எழும். திருமலைராயன்பட்டினத்தைச் சிலர் டி.ஆர். பட்டினம் என்று எழுதுவர். பிரெஞ்சு ஆவணங்களிலோ அது கிராந்த் அல்தே என்று குறிக்கப்பட்டது. மனிதருக்கு மூன்றும் ஓர் ஊரே. கணினிக்கு மூன்றும் வெவ்வேறு. மாறாத அடையாள எண் ஒன்றைத் திறவுகோலாகக் கொள்ளும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

விடுபடும் கிடைவரிசைகள்

மேலுள்ள விடையில் நெடுங்காடும் நிரவியும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அவை ஓசையின்றி மறைந்துவிட்டன. இரண்டாம் அட்டவணையில் 3, 5 என்ற எண்கள் இல்லாமையே காரணம். இவ்வகை இணைப்பு உள் இணைப்பு எனப்படும். ஒரு பட்டியலில் இருந்து மற்றொன்றில் இல்லாத எதுவும் இதன் விடையில் இடம்பெறாது.

இடங்களின் பட்டியலில் இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் உதவித்தொகை பெறுவோரின் பட்டியலையும் வங்கிக் கணக்குகளின் பட்டியலையும் இணைக்கும்போது, கணக்கு எண் பதியப்படாத ஒருவரின் பெயர் விடையிலிருந்தே நீங்கிவிடும். அவருடைய பெயர் விடுபட்டதை விடையைப் படிப்பவர் அறிய வழியில்லை.

இதற்குத் தீர்வாக அமைவது வெளி இணைப்பு. இணை கிடைக்காத கிடைவரிசைகளையும் இது விடையில் வைத்துக்கொண்டு, இல்லாத இடத்தை வெற்று மதிப்பால் நிரப்புகிறது. முதல் அட்டவணையை இடப்பக்கத்தில் வைத்து இட வெளி இணைப்புச் செய்தால், நெடுங்காடும் நிரவியும் இடப்பெயர் இன்றித் தோன்றும்; விடையில் ஏழு கிடைவரிசைகள் இருக்கும். காட் தம் மாதிரியை விரிவுபடுத்தி 1979இல் எழுதிய கட்டுரையில் வெளி இணைப்பையும் வெற்று மதிப்புகளையும் ஆராய்ந்தார்.

வெற்று மதிப்பு சுழியம் அன்று, வெற்றிடமும் அன்று. ஒரு மதிப்பு இல்லை என்பதற்கான குறியே அது. இதனால் ஒப்பீட்டின் விடை உண்மை, பொய் என்ற இரண்டுடன் நில்லாமல், தெரியாது என்ற மூன்றாவதையும் கொள்ள நேர்கிறது. பிற்காலத்தில் காட் இரண்டு வகை இன்மைகளைப் பிரித்துக் காட்டினார். மதிப்பு உண்டு, ஆனால் அறியப்படவில்லை என்பது ஒன்று. அம்மதிப்பு அங்கே பொருந்தவே பொருந்தாது என்பது மற்றொன்று. நெடுங்காட்டில் முக்கிய இடம் எதுவும் இல்லை என்பதும், பட்டியலிட்டவர் எழுதவில்லை என்பதும் வேறுவேறான செய்திகள். இந்த மூன்று மதிப்பு ஏரணத்தைக் காட்டின் நெருங்கிய கூட்டாளியான கிறிஸ் டேட் கடுமையாக எதிர்த்தார். இவ்விவாதம் தரவுத்தள அறிஞர்களிடையே முற்றாகத் தீரவில்லை.

எதிர்ப்பும் விவாதமும்

காட்டின் கட்டுரையை ஐபிஎம் நிறுவனம் உடனே ஏற்கவில்லை. ஐ.எம்.எஸ். அந்நிறுவனத்துக்கு நல்ல வருவாய் ஈட்டித் தந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் அதன்மீது பெருமுதலீடு செய்திருந்தனர். அதற்குப் போட்டியாக இன்னொன்றை அதே நிறுவனம் உருவாக்குவதில் தயக்கம் இருந்தது. கணிதக் குறியீடுகள் நிறைந்த கட்டுரை நடைமுறை நிரலர்களுக்கு அந்நியமாகவும் இருந்தது.

தொழில்நுட்ப நோக்கிலும் ஐயங்கள் எழுந்தன. சுட்டியைப் பின்பற்றினால் ஒரே எட்டில் அடையக்கூடிய பதிவை, அட்டவணைகளை ஒப்பிட்டுத் தேடுவது மிகுந்த நேரம் எடுக்கும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். ஆயிரம் கிடைவரிசைகள் கொண்ட இரண்டு அட்டவணைகளுக்குப் பத்து இலட்சம் சோடிகள் உண்டு என்பதை நோக்க, அன்றைய கணினிகளின் வேகத்தில் இந்த அச்சம் நியாயமானதே.

வலைப்பின்னல் மாதிரியின் தந்தையான பாக்மன் 1973இல் டூரிங் விருது பெற்றார். அடுத்த ஆண்டு, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடைபெற்ற கருத்தரங்கில் இரு தரப்பினரும் நேருக்கு நேர் விவாதித்தனர். இவ்விவாதம் தரவுத்தள வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. இளம் ஆய்வாளர்கள் பலருடைய கவனம் இதன்பின் உறவுநிலை மாதிரியின்பால் திரும்பியது.

செயல்வடிவம்

சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் 1974 அளவில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோர் இன்கிரெஸ் என்ற திட்டத்தை நடத்தினர். இவ்விரண்டும் உறவுநிலை மாதிரி நடைமுறைக்கு ஏற்றது என்பதை மெய்ப்பித்தன.

சிஸ்டம் ஆர் குழுவினர் இணைப்பின் வேகச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டனர். மைக் பிளாஸ்கன், கபாலி ஈசுவரன் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வு, இணைப்பை நிகழ்த்தும் பல்வேறு முறைகளின் செலவை ஒப்பிட்டது. அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் மற்றதில் தேடுவது ஒரு முறை. இரண்டையும் திறவுகோலின்படி வரிசைப்படுத்திவிட்டு, இரு சீட்டுக்கட்டுகளை ஒன்றாக அடுக்குவது போலச் சேர்ப்பது இன்னொரு முறை. எந்த வினவலுக்கு எந்த முறை சிக்கனமானது என்பதைக் கணினியே கணக்கிட்டுத் தெரிவு செய்யும் வழியைப் பட்ரீசியா செலிஞ்சரும் குழுவினரும் 1979இல் வெளியிட்டனர். முப்பது சோடிகளையும் உண்மையாகவே உருவாக்கத் தேவையில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் இங்கே தளர்ந்தது.

காட் 1971இல் ஆல்பா என்ற வினவல் மொழியை முன்மொழிந்திருந்தார். ஆயினும் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் 1974இல் வடிவமைத்த சீக்குவெல் மொழியே சிஸ்டம் ஆரில் பயன்பட்டது. வணிகக் குறியீட்டுச் சிக்கலால் அதன் பெயர் பின்னர் எஸ்.கியூ.எல். எனச் சுருக்கப்பட்டது. ஐபிஎம் வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்பற்றி, லாரி எலிசனும் கூட்டாளிகளும் நடத்திய சிறு நிறுவனம் 1979இல் ஆரக்கிள் தரவுத்தளத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் சொந்தப் பொருளான எஸ்.கியூ.எல்./டி.எஸ். 1981இலும், டி.பி.2 என்பது 1983இலும் வெளிவந்தன. காட்டின் கருத்து பிறந்த நிறுவனமே அதை விற்பதில் பிந்திவிட்டது.

இயல்பாக்கம்

ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பது இயல்பாக்கத்தின் நோக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில், இடங்களின் அட்டவணையிலேயே உள்ளாட்சியின் பெயரையும் எழுதியிருந்தால் திருநள்ளாறு இருமுறை வரும். ஓரிடத்தில் எழுத்துப்பிழை நேர்ந்தால் இரண்டும் முரண்படும். எனவே அட்டவணைகளைப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்வது சிறந்தது. முதலாம் இயல்பு வடிவத்தை 1970 கட்டுரையிலும், இரண்டாம், மூன்றாம் வடிவங்களை 1971 அளவிலும் காட் வரையறுத்தார். ரேமண்ட் பாய்சுடன் சேர்ந்து வகுத்த கண்டிப்பான வடிவம் இருவர் பெயராலும் வழங்குகிறது. இயல்பாக்கமும் இணைப்பும் ஒன்றுக்கொன்று துணை. இணைக்கும் வழி எளிதாக இருப்பதாலேயே பிரித்து வைக்க முடிகிறது.

பன்னிரண்டு விதிகள்

1980களில் உறவுநிலை என்னும் சொல் விற்பனைச் சொல்லாக மாறியது. பழைய மென்பொருள்களின்மீது புதிய முகப்பை ஒட்டிவிட்டுப் பல நிறுவனங்கள் அப்பெயரைச் சூட்டின. இதனால் வருந்திய காட், 1985இல் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில், ஒரு தரவுத்தளம் உறவுநிலை சார்ந்தது எனக் கூறிக்கொள்ள நிறைவு செய்ய வேண்டிய விதிகளை வெளியிட்டார். பன்னிரண்டு விதிகள் என்று இவை அழைக்கப்பட்டாலும், சுழியத்திலிருந்து எண்ணப்படுவதால் உண்மையில் பதின்மூன்று.

எஸ்.கியூ.எல். மொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே கிடைவரிசை மீண்டும் மீண்டும் வருவதை அம்மொழி அனுமதிப்பது, அட்டவணை என்பது கணம் என்ற அடிப்படைக்கே முரணானது என்று கண்டித்தார். அவருடைய மாதிரியை உலகெங்கும் பரப்பிய மொழியே அவர் முழுமையாக ஏற்காத மொழியாகவும் இருந்தது.

பிற்காலம்

1984இல் ஐபிஎம்மிலிருந்து விலகினார். கிறிஸ் டேட், ஷாரன் வைன்பெர்க் ஆகியோருடன் சேர்ந்து ஆலோசனை நிறுவனங்களை நடத்தினார். ஷாரன் பின்னர் இவருடைய இரண்டாம் மனைவியானார். 1990இல் தம் மாதிரியின் இரண்டாம் பதிப்பை விளக்கும் நூலை வெளியிட்டார். அதில் விதிகள் 333 ஆகப் பெருகியிருந்தன. அவ்வளவையும் எந்த நிறுவனமும் பின்பற்றவில்லை.

1993இல் ஓலாப் எனப்படும் பகுப்பாய்வு முறையை விளக்கும் அறிக்கை ஒன்றை வேறு இருவருடன் எழுதினார். இச்சொல் நிலைபெற்றது. எனினும், அத்துறையில் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றுக்காக எழுதப்பட்டது என்பதால் அவ்வறிக்கை விமர்சனத்துக்கு உள்ளானது.

விருதுகளும் சிறப்புகளும்

- 1974: பிரித்தானியக் கணினிக் கழகத்தின் மதிப்புறு உறுப்பினர்
- 1976: ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வறிஞர் தகுதி
- 1981: டூரிங் விருது
- 1981: அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமியின் உறுப்பினர்

மறைவும் தாக்கமும்

காட் 2003 ஏப்ரல் 18ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் வில்லியம்ஸ் தீவிலிருந்த தம் இல்லத்தில் இதயச் செயலிழப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. அடுத்த ஆண்டு, கணிப்பொறியியல் சங்கத்தின் தரவு மேலாண்மைப் பிரிவு வழங்கிவரும் புத்தாக்க விருதுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது.

ஆரக்கிள், டி.பி.2 ஆகிய வணிக மென்பொருள்களும், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய திறமூல மென்பொருள்களும் இவருடைய மாதிரியின் வழிவந்தவை. கைப்பேசி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு சிறு உறவுநிலைத் தரவுத்தளமாவது இருப்பது இன்று இயல்பு. 2000களின் பிற்பகுதியில் அட்டவணையையும் இணைப்பையும் தவிர்க்கும் புதிய தரவுத்தளங்கள் பரவின. மிகப் பெரிய இணையதளங்கள் தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்தபோது, கணினிகளைக் கடந்து இணைப்புச் செய்வது கடினமாக இருந்தமை இதற்கு ஒரு காரணம். ஆயினும் அவற்றுள் பல, பின்னர் எஸ்.கியூ.எல். போன்ற வினவல் மொழிகளையும் இணைப்பு வசதியையும் சேர்த்துக்கொண்டன.

தரவைச் சேமித்தவர் எண்ணிப் பாராத கேள்வியையும் பின்னால் வருபவர் கேட்க முடிய வேண்டும் என்பதே காட்டின் பங்களிப்பின் சாரம். இரண்டு அலுவலகங்களில், இரண்டு காலங்களில், ஒருவரையொருவர் அறியாத இருவர் எழுதிய பட்டியல்களை, இரண்டிலும் பொதுவான ஒரு திறவுகோல் இருக்கும் வரை, மூன்றாம் ஒருவர் ஒரே வினவலில் இணைத்து விடை காண இவருடைய மாதிரி வழி செய்தது.